பன்னிரண்டு விரல் வளர்ந்த கால்

டயர்க் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், கால்கள் வளர்ந்துகொண்டிருந்தன.

நம்ப முடியவில்லையா? அங்கே போய் வந்த அத்தனை பேரும் நம்பினார்கள். செவ்வாயும் சனியும் காலை ஏழு மணிக்கே வரிசை தெருமுனை வரை வந்துவிடும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர், தொடையைத் தேய்த்துக்கொண்டு நிற்பவர், எதுவும் வலிக்காமல் வேடிக்கை பார்க்க வந்து 'எதுக்கும் நாமளும் ஒரு தடவை காட்டிடலாமே' என்று சேர்ந்துகொண்டவர், எல்லோரும் உண்டு. லிஃப்ட் கிடையாது. நாற்பத்திரண்டு படி. இடுப்பு வலிக்காரர் அத்தனை படியும் ஏறி முடிக்கும்போது வலி இரட்டிப்பாகியிருக்கும். வாசலில் நிற்கும் உதவியாளர் அந்த முகத்தைப் பார்த்து, உங்கள் மேல் பட்ட கண் உள்ளே நல்ல ஆழமாக உட்கார்ந்திருக்கிறது, சரியான நேரத்தில் வந்தீர்கள் என்பார். என்ன பொருத்தமான ஏற்பாடு பாருங்கள்.

உள்ளே இருந்தவர் எலும்பு ஞானி. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஞானிக்கு எதற்குப் பெயர்? வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டிய ஸ்டாப்வாட்ச். அது எதற்கென்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய கண்டுபிடிப்பு இதுதான்: இடுப்பில் வரும் வலி எல்லாம் பொறாமைக்காரர் கண். அந்தக் கண், தொடை எலும்பு இடுப்போடு பொருந்துகிற குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்ததும் காலை மேலே இழுக்கிறது. கால் கட்டையாகிவிடுகிறது. அவர் ஆளைப் படுக்கவைத்து, எல்லோர் கண்ணுக்கும் முன்னால், காலை இரண்டு விரற்கடை நீட்டிவிடுவார். ஒவ்வொரு தடவைக்கும் கண்ணில் ஒரு அடுக்கு கழன்றுவிடுமாம். நீட்டியது நீட்டியதுதான், திரும்பச் சுருங்காது என்று அவரே உத்தரவாதம் கொடுத்திருந்தார்.

சுவரில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை. யாருக்கு இதுவரை எவ்வளவு நீண்டது என்று அதில் எழுதியிருக்கும். பஸ் டிரைவர், எட்டு விரல். பேங்க் மேடம், பத்து விரல். டைல்ஸ் மேஸ்திரி, பன்னிரண்டு விரல். வருகிறவர்கள் முதலில் அந்தப் பலகையைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். பன்னிரண்டு விரல்காரருக்கு மரியாதை அதிகம். எழுந்து இடம் கொடுப்பார்கள்.

அந்த டைல்ஸ் மேஸ்திரியின் மனைவி ஒரு தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். பதினெட்டு வருஷமாகத் துணி வெட்டுகிறாள். கையில் கத்தரி இல்லாத நேரத்தில் கழுத்தில் இன்ச் டேப் தொங்கும். புருஷனோடு ஆறு தடவை அங்கே வந்து, ஆறு தடவையும் மூன்றாவது வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை.

மேஸ்திரிக்குப் பள்ளிக்கூடத்திலேயே வைத்த பட்டப்பெயர் 'பத்து பத்து'. நின்றால் இரண்டு பாதமும் வெளிப்பக்கம் திரும்பி, கடிகாரத்தில் பத்து மணி பத்து நிமிடம் காட்டும் முள் மாதிரி இருக்கும். அவர் அப்பாவுக்கும் அப்படித்தான், அண்ணனுக்கும் அப்படித்தான். பாதம் எப்படித் திரும்பினால் என்ன, வேலை நடந்தது. மேஸ்திரி காலையில் தரையில் குந்தினால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அண்ணன் பக்கத்தில் நின்று கலவை போட்டுக் கொடுப்பார், ஓரத்துக்கு டைல்ஸ் அறுத்துக் கொடுப்பார். இருபது வருஷமாக அண்ணன் தம்பி சேர்ந்தே ஒப்பந்தம் பிடித்து, சேர்ந்தே சாப்பிட்டு, சேர்ந்தே வீடு திரும்பினார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் வந்தது வினை. குந்தும்போது இடது தொடை மடிப்பில் குறடு வைத்து நெரிப்பது மாதிரி வலி. முதலில் ஓரம் பதிக்கும்போது மட்டும். பிறகு ஷூ லேஸ் கட்டும்போது. பிறகு வண்டியில் ஏறி உட்காரும்போதும்.

கட்டிங் மாஸ்டர் அவரை எலும்பு டாக்டர் அம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் படுக்கவைத்து, இடது முழங்காலை நெஞ்சுவரை மடக்கி, தொடையை மெல்ல உள்பக்கம் திருப்பினார். மேஸ்திரி கட்டிலோடு எழும்பிவிட்டார். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகு, டாக்டர் ஒரு கையைக் குழித்து, அதற்குள் மறு கையின் முஷ்டியை வைத்துக் காட்டினார்.

"தொடை எலும்போட தலை பந்து மாதிரி உருண்டையா இருக்கணும். உங்களுக்குத் தலையும் கழுத்தும் சேருற இடத்துல கொஞ்சம் புடைச்சிருக்கு. போதாததுக்கு எலும்போட முறுக்கும் குறைவு, அதனாலதான் பாதம் வெளியே திரும்பியிருக்கு. நடக்கும்போது ஒண்ணும் பண்ணாது. குந்தினா அந்தப் புடைப்பு போய்க் குழியோட விளிம்புல இடிக்கும். இடிச்சு இடிச்சு விளிம்பு கிழிஞ்சிருக்கு."

மேஸ்திரிக்குப் பாதி புரிந்தது. கட்டிங் மாஸ்டருக்கு முழுசாகப் புரிந்தது. சட்டைக் கையின் மேல் வளைவை வெட்டும்போது ஒரு இடத்தில் துணி கூடிப்போனால், கையைத் தொங்கவிட்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. தூக்கினால்தான் அக்குளில் பிடிக்கும். அதற்குத் தைத்தவரைத் திட்டிப் பிரயோசனமில்லை. அது வெட்டிலேயே வந்தது.

டாக்டர் எடுத்தவுடன் கத்தியைத் தூக்கவில்லை. மூன்று மாதம் குந்தாமல் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்யச் சொன்னார். பின்பக்கத்துக்கும் வயிற்றுக்கும் பலம் கொடுக்கிற பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார். நிறையப் பேருக்கு அதுவே போதும் என்றார். மேஸ்திரி ஒழுங்காகத்தான் செய்தார். பாதி குறைந்தது. ஆனால் குளியலறை மூலையில் ஸ்டூல் எங்கே நுழையும்? குந்தினால் பழையபடி நெரித்தது. கடைசியில் டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார். இரண்டு மூன்று சின்னத் துளை, உள்ளே கேமரா, புடைப்பைச் செதுக்கி, கிழிந்த விளிம்பைத் தைத்துவிடலாம். முறுக்கு ரொம்ப மோசமாக இருந்தால் தொடை எலும்பையே அறுத்துத் திருப்பிப் பொருத்த வேண்டியிருக்கும், இவருக்கு அவ்வளவு தேவையில்லை என்றார். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னார்: அதுவரை குந்தக் கூடாது. குழிக்குள் வழவழவென்று இருக்கிற குருத்தெலும்பு தேய்ந்துபோனால், அப்புறம் செதுக்கியும் பலனில்லை.

தேதிக்குப் பத்து நாள் முன்னால், மேஸ்திரி தரை போட்டுக் கொடுத்த வீட்டுக்காரர் ஒருவர் எலும்பு ஞானியைப் பற்றிச் சொன்னார். கத்தியே வேண்டாமாம். போனார் மேஸ்திரி. பயந்தவனுக்கு நாற்பத்திரண்டு படி ஒரு பொருட்டா?

ஞானி அவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். நீ உட்கார்ந்து வேலை செய்யும்போது பக்கத்திலேயே நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பவன் யார்?

கலவை போடுகிறவர் நிற்காமல் படுத்துக்கொண்டா போடுவார்? டைல்ஸ் பதிக்கிற யாரைக் கேட்டாலும் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் இருக்கத்தான் செய்வார். அவரிடம் வந்த பஸ் டிரைவருக்கும் இதே கேள்விதான். கண்டக்டரோடு பேச்சு நின்றுபோனது. ஆனால் மேஸ்திரிக்கு முகம் செத்துவிட்டது. அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சில்லை. கலவைக்கு வேறு ஆள். அண்ணன் இரண்டு தடவை வீட்டு வாசல்வரை வந்து, கதவு திறக்காமல் திரும்பிப் போனார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

ஞானி சொன்ன வைத்தியம் அதைவிட விசேஷம். உள்ளே உட்கார்ந்திருக்கும் கண்ணை நசுக்க வேண்டுமாம். எப்படி? தினமும் நூறு தடவை முழுசாகக் குந்தி எழ வேண்டும். கத்தி பட்டால் கண் அடுத்த காலுக்குத் தாவிவிடும் என்பதால் ஆபரேஷன் கூடவே கூடாது. தேதி ஒரு தடவை தள்ளிப்போனது. காலை இழுத்தால் கொஞ்ச நேரம் சுகமாக இருந்தது உண்மைதான். நெரிபட்ட மூட்டை யார் இழுத்தாலும் ஒரு மணி நேரம் லேசாகத்தான் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி மீதி இருபத்து மூன்று மணி நேரமும் ஞானியை நம்பினார்.

பின்கட்டு அறையிலிருந்து தினமும் காலையில் அவர் எண்ணுவது சமையலறைக்குக் கேட்கும். ஐம்பத்தொண்ணு. ஐம்பத்திரெண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முனகல். ஒரு நாள் கட்டிங் மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

"ஏங்க, டாக்டர் அம்மா ஒரு தடவைகூடக் குந்தாதீங்கன்னாங்க. இவரு நூறு தடவை குந்துங்கறாரு. ரெண்டு பேர்ல உங்க எலும்பைப் படம் புடிச்சுப் பார்த்தது யாரு?"

மேஸ்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வியர்வை சொட்டியது.

"எலும்பே கோணல்னா நான் என்ன பண்றது? எங்கப்பா கடைசி பத்து வருஷம் குச்சி ஊணித்தான் நடந்தாரு. கண்ணுன்னா எடுத்துப் போட்டுடலாம். எலும்பை எங்க கொண்டுபோய்ப் போடறது?"

அதைக் கேட்டதும் அவளுக்கு வந்த கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. மனுஷன் முட்டாள் இல்லை, பயந்துபோயிருக்கிறார் என்று புரிந்தது. அன்றைக்கே டாக்டரிடம் போன் செய்து புதன்கிழமைக்கு மறுபடி தேதி வாங்கினாள். இதையும் தள்ளினால் உள்ளே மிச்சம் என்ன இருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

செவ்வாய்க்கிழமை ஏழாவது தடவை. ஞானியின் கணக்கில் அது நிறைவு நாள். அன்றைக்கு மேஸ்திரியின் மனைவியும் மேடைக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அளந்தே பிழைக்கிற கை, அந்தக் கையே சாட்சி சொன்னால் சபைக்கு எவ்வளவு கௌரவம் என்று. அளவெடுக்கிறவளை மேடைக்குக் கூப்பிடுவது ஆபத்து என்று ஞானிக்குத் தோன்றவில்லை. இத்தனை நாள் எவரும் அளந்ததில்லை அல்லவா, அந்தத் தைரியம்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் மேஸ்திரியின் சாம்பல் நிறப் பேன்ட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாலு வருஷத்துக்கு முன் அவளே வெட்டித் தைத்தது. காலின் கீழ் மடிப்பில் பெட்டியை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். துணி கருகும் வாசனை வந்த பிறகுதான் கையை எடுத்தாள். பலகையில் என்ன உறுத்தியது என்று இப்போது தெரிந்துவிட்டது. உடனே புருஷனின் அண்ணனுக்குப் போன் போட்டு, நாளைக் காலையில் டயர்க் கடை மாடிக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றாள்.

மறுநாள் கூடத்தில் இடமில்லை. படியில்கூட ஆட்கள். மேஸ்திரி சாம்பல் நிறப் பேன்ட்டோடு கட்டிலில் படுத்திருந்தார். காலில் ஞானி கொடுத்த கறுப்பு ஷூ. யார் படுத்தாலும் அந்த ஷூதான். வெறுங்காலாக இருந்தால் பூமி இழுத்துவிடுமாம். ஷூ இரண்டு அளவு பெரிசாகவே இருக்கும். வளருகிற காலுக்கு இடம் வேண்டாமா?

ஞானி சபையைப் பார்த்துக் கை விரித்து, கட்டிங் மாஸ்டரை மேடைக்கு அழைத்தார். அவள் வந்தாள். தான் சரியாகச் சாட்சி சொல்ல வேண்டுமானால் முதலில் அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும், தொழில் பழக்கம் என்றாள். ஞானி பெருந்தன்மையோடு தலையாட்டினார். அவள் இடுப்பிலிருந்து துணியில் கோடு போடுகிற வெள்ளைச் சாக்கை எடுத்து, புருஷனின் கறுப்பு சாக்ஸில், ஷூவின் விளிம்பை ஒட்டியே, இரண்டு காலிலும் சுற்றி ஒரு கோடு போட்டாள்.

ஞானி இரண்டு குதிகாலையும் பிடித்துத் தூக்கினார். "பாருங்க. எடது கால் ரெண்டு விரல் கட்டை."

உண்மைதான். இடது ஷூ இரண்டு விரல் உள்ளே தள்ளி இருந்தது. கூட்டம் உச்சுக் கொட்டியது. எல்லோரும் இடது காலையே பார்த்தார்கள். கட்டை என்று சொன்ன காலைத்தானே பார்ப்பார்கள்? அளவெடுப்பவள் மட்டும் இரண்டையும் பார்த்தாள்.

"ஐயா, அப்படியே புடிச்சுக்குங்க, கையை எடுக்காதீங்க," என்றாள். பிறகு முன்வரிசையில் இருந்த பஸ் டிரைவரைக் கூப்பிட்டாள். "அண்ணே, கிட்ட வந்து பாருங்க. எடது கால்ல கோடு எங்க இருக்கு?"

"ஷூ விளிம்புலயே இருக்கு."

"வலது கால்ல?"

டிரைவர் குனிந்தார். மறுபடி குனிந்தார். "கோட்டுக்கும் ஷூவுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி இருக்கே."

ஞானியின் கட்டைவிரல் வலது ஷூவின் குதியைப் பிடித்து இழுத்துவைத்திருந்ததை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். இடது கால் எங்கேயும் போகவில்லை. வலது ஷூதான் வெளியூர் போயிருந்தது. மந்திரம் சொல்லும்போது அதை மெதுவாக உள்ளே தள்ளிவிட்டால் இரண்டும் சமமாகிவிடும். இடது கால் வளர்ந்துவிட்டது என்று கைதட்டுவார்கள். ஞானி பதறிப்போய்க் கட்டைவிரலை அழுத்த, வலது ஷூ சரக்கென்று கோட்டுக்குத் திரும்பிவந்து சேர்ந்தது.

வெள்ளைக் கோடு கண்ணை வரவழைக்கும், உடனே அழியுங்கள் என்று உதவியாளர் கத்தினார். அவரை யாரும் கவனிக்கவில்லை. கட்டிங் மாஸ்டர் கழுத்து டேப்பை உருவி, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உள்கணுக்கால்வரை இடது காலை அளந்தாள். பிறகு வலது. டேப்பை டிரைவர் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொன்னாள். இரண்டும் முப்பத்தைந்தரை அங்குலம்.

"அந்தப் பலகையைப் பாருங்க," என்றாள். "பன்னெண்டு விரல். விரலுக்கு முக்கால் அங்குலம்னா ஒம்பது அங்குலம். நீட்டுனது சுருங்காதுன்னு ஐயாவே சொல்லியிருக்காரு. இந்தப் பேன்ட் நான் நாலு வருஷத்துக்கு முன்னால வெட்டுனது. எடது கால் ஒம்பது அங்குலம் வளர்ந்திருந்தா இது இந்நேரம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழயே நின்னுபோயிருக்கணும். கணுக்கால்லதான் நிக்குது. அப்ப, கால் வளர்ந்துதா, பலகை வளர்ந்துதா?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு படியில் நின்றவர்கள்வரை சிரித்தார்கள். பத்து விரல் பேங்க் மேடம் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். இந்தச் சிரிப்பில் ஞானி எப்போது பின்வாசல் வழியாக இறங்கினார் என்று தெரியவில்லை. நாற்பத்திரண்டு படியையும் ஒரே மூச்சில் இறங்கினாராம். அவர் போட்டிருந்த ஷூ மட்டும் சரியான அளவு.

மேஸ்திரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை. மூன்று மாதமாக நசுக்கியது எதை என்று தேடுவதுபோல் அவர் கை தொடை மடிப்பைத் தடவியது.

"கண்ணு இல்லேன்னா, எனக்கு மட்டும் ஏன்?" என்றார்.

"உங்களுக்கு மட்டுமில்லை. அங்க பாருங்க," என்றாள் அவள்.

வாசற்படியில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கூட்டத்தில் முண்டியடித்து உள்ளே வரத் தயங்கி, சிமென்ட் படிந்த செருப்போடு நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். பாதம் இரண்டும் வெளியே திரும்பி, பத்து மணி பத்து நிமிடம்.

"அதே அப்பா, அதே எலும்பு. அவரு நின்னு வேலை செஞ்சாரு, இடிக்கல. நீங்க குந்தி வேலை செஞ்சீங்க, இடிச்சுது. அவ்வளவுதான்," என்றாள்.

மேஸ்திரி அண்ணனுடைய பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணே, என்னைக் கீழ எறக்கிவிடறியா?" என்றார்.

தம்பி எதற்காக மூன்று மாதம் தன்னோடு பேசவில்லை என்று அண்ணன் கேட்கவில்லை. வந்து தோளைக் கொடுத்தார்.

புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. கிழிசல் பெரிதாகியிருந்தது, குருத்தெலும்பு ஓரத்தில் உரிய ஆரம்பித்திருந்தது, ஆனால் உள்ளே மிச்சம் இருக்கிறது என்றார் டாக்டர். இப்போது மேஸ்திரி ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் டைல்ஸ் ஒட்டுகிறார். தரை மூலைக்கு அண்ணன் குந்துகிறார், அதுவும் அளவாக. இதெல்லாம் பிறகு நடந்தவை. அன்றைக்கு மாடியில் கடைசியாக நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அண்ணனும் தம்பியும் இறங்கிப் போன பிறகு, கட்டிங் மாஸ்டர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். பேங்க் மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா, அந்தச் சாக்பீஸ் எங்க வாங்குனே? அதைத் தேய்ச்சாத்தான் கண்ணு போகுமா?"

மேடத்துக்குப் பின்னால் ஏற்கனவே ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். ஒருவர் சாக்ஸைக்கூட இழுத்துவிட்டுக்கொண்டு தயாராக இருந்தார்.

கட்டிங் மாஸ்டர் அந்த வரிசையை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாக்பீஸ் எந்தத் தையல் சாமான் கடையிலயும் கிடைக்கும் மேடம். அது சும்மா கோடுதான் போடும். கோட்டைப் பார்த்துக் கணக்குப் போடறது ஒண்ணு இருக்கு, அதை உங்க எல்லாருக்கும் கழுத்துக்கு மேலயே வெச்சுத் தைச்சு அனுப்பியிருக்காங்க. இவ்வளவு வருஷம் ஆகியும் மடிப்புக் கலையாம அப்படியே இருக்கு. ஒரு தடவை பிரிச்சுப் போட்டுத்தான் பாருங்களேன்."